அத்தான் வாங்கிய கார் மேட்

என் அத்தான், அதாவது அக்கா புருஷன், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் தேய்ந்தவர். வாழ்நாளில் வாங்கிய ஒரே கார்மீது அவருக்கு அப்படியொரு பைத்தியம். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பதினோரு வருஷமாகப் பிரிக்கவில்லை. கீழே தினமும் செய்தித்தாள் விரிப்பார். ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். "இது காரா, ஆபரேஷன் தியேட்டரா?" என்று கேட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.  அக்கா செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வருவாள்.

அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபிறகு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற அந்தக் காரில்தான் போனோம். திரும்பும் வழியெல்லாம் அவளுக்குக் குமட்டும். கீழே சிந்திவிடக் கூடாதே என்று துண்டால் வாயைப் பொத்தி, வந்ததை விழுங்கினாள். பின் சீட்டிலிருந்து பார்த்த எனக்கு அத்தானை ஓங்கி அறையலாம் போலிருந்தது. நான்காவது தடவைக்கு முந்தின நாள் அவளே சொல்லிவிட்டாள்: "இனிமே நான் வரலீங்க. காரு பாழாயிடும்."

அத்தான் உடனே எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று புரியாமல் நானும் கூடப் போனேன்.

கார் சாமான் கடையில் போய் நின்று, காலடியில் விரிக்கும் மேட் கேட்டார். "மழைச் சேத்துக்கா சார்? இல்ல, வீட்ல நாய், குழந்தைங்க இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆமா."

"எதுக்கு ஆமா?"

அத்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒவ்வொரு மேட்டிலும் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தார். "பிரேக் போட்டா வழியக் கூடாதுங்க." ஓரம் உயர்ந்த ஒன்று தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. முகர்ந்து பார்த்து அதையும் தள்ளினார். "ரப்பர் நாத்தம். இதுக்கே அவளுக்குக் குமட்டும்." பத்து மேட்டைக் கலைத்துப்போட்ட பிறகு, வாடை இல்லாத ஒன்று கிடைத்தது.

"எல்லாக் காலத்துக்கும் தாங்கும் சார். பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார் கடைக்காரர்.

"பத்து வருஷம்" என்று அத்தான் முனகினார்.  அந்த மனுஷர்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி அங்கேயே வடிந்துவிட்டது.

மேட்டைப் பார்த்ததும் அக்கா, "இப்ப எதுக்குங்க இது?" என்றாள்.

"மழை வந்தா ஆகும்ல."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அக்கா சிரித்துவிட்டாள். மறுநாள் வரவும் சம்மதித்தாள்.

மறுநாள் டாக்டர் ஸ்கேனை நெடுநேரம் பார்த்தார். "இனி மருந்து ஏத்தி உடம்ப வருத்த வேண்டாம். வீட்லயே வச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். இனி அவளுக்கு அந்தக் காரில் குமட்டப்போவதில்லை.

கார்க் கதவருகே அக்கா பழக்கத்தில் செருப்பைக் கழற்றினாள்.

"செருப்போட ஏறு" என்றார் அத்தான். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

"பழகிடுச்சுங்க" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தான் அதைப் பிடுங்கி மேட்டின்மேல் போட்டார்.

முதல் சிக்னலில் வண்டி நின்றது. அக்கா மூச்சு வாங்கக் குனிந்து செருப்பை எடுத்தாள். மேட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தாள்.

"புதுசுங்க" என்றாள்.

பச்சை விழுந்தும் அத்தான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.