உப்பில்லாக் கஞ்சி

பாளையங்கோட்டையில் என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, தொற்றிவிடும் என்று பயந்து வைத்தியரைத் தவிர யாரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கஞ்சியாவது உள்ளே போகாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார் வைத்தியர். எங்கள் வீடுகளில் ஆண்கள் அடுப்படிக்குள் நுழைவதில்லை. நாற்பது வயதுவரை நானும் நுழைந்ததில்லை. அவள் கண் சொருகிக் கிடந்தாள். சன்னலோரம் நின்று அழுதேன்.

தெருவில் இரண்டு சிறுமிகள் சொப்பு வைத்து மணல்சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி, சோறு குழைஞ்சு போச்சு!”

“போனாப் போவுது. கொட்டிட்டு இன்னொருக்கப் பொங்குட்டி.”

பாழானால் மறுபடி பொங்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் கஞ்சி அடிபிடித்தது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

ஒரு மடக்கு குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“உப்பே போடலியே.”

நாட்கணக்கில் பேசாதிருந்தவள் பேசிய முதல் பேச்சு அது. அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினேன். உப்பு எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.