நல்லி எலும்புப் பாடம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்தால் நல்லி எலும்பு மாமாவுக்குத்தான். அம்மாவின் ஒரே தம்பி என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. வேடசந்தூரிலிருந்து வந்து, திண்டுக்கல்லில் எங்களோடு தங்கி நர்சிங் படித்தார். உடற்கூறியல் பாடத்தில் அரியர் வைத்திருந்தார் என்று சொல்வதுதான் சரி.

புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வந்துவிடும் என்பதால் சாப்பாட்டுத் தட்டை வைத்துப் படிப்பார்.

"எல்லாமே இணைப்புத் திசுடா. நறநறங்குதே, குருத்தெலும்பு. இழுத்தா வருதே, ஜவ்வு. இது கொழுப்பு. அந்தா ரத்தப் பொரியல், அதுவும் இவிங்க பங்காளிதான்." அப்புறம் நல்லியைத் தட்டில் தட்டுவார். "இதுக்குள்ளதான் சிப்பாய்ங்க பொறக்குறாய்ங்க. வெள்ளையணு. கிருமி வந்தா கெளம்பிருவாய்ங்க." சொல்லிவிட்டு ஒரே உறிஞ்சு. ஒரு படையே அவர் வாய்க்குள் போய்விடும்.

ஒரு ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எட்டு வயது. அந்த வாரம் கருவேலம் புதருக்குள் விழுந்த பந்தை எடுக்கப்போய், விரலில் முள் ஏறி ஒடிந்துவிட்டது. ஊசிக்குப் பயந்து வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது அக்குளில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. முள்தான் மேலே ஏறி வந்திருக்கிறது, அடுத்து நெஞ்சுக்குத்தான் போகும், நான் செத்தேன் என்று முடிவு கட்டியிருந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்தாயிற்று.

"மாமா, அக்குள்ல கட்டி வந்தா செத்துருவாங்களா?"

"அட கிறுக்கா, அது நெறி! சிப்பாய்ங்க கூடுற முகாம். சண்டை நடந்தா வீங்கத்தான் செய்யும். பரீட்சைல மட்டும் இதக் கேட்டாய்ங்க, நான் பாஸுடா!" அவருக்கு அம்புட்டுச் சந்தோஷம். "ஆமா, யாருக்குடா வந்திருக்கு?"

கையைத் தூக்கிக் காட்டினேன். விரல் புடைத்துக் கிடந்தது. அங்கிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.

மாமா என் கையைத் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்த நல்லியை அப்படியே என் தட்டில் வைத்தார்.

"நீ சாப்டு அப்பு" என்றார். சாப்பிட விட்டாரா? மறுநொடியே என்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"ஏன்டா, கையக் கழுவிட்டுப் போடா!" என்று அம்மா பின்னால் கத்தினாள்.

மாமா வண்டியை உதை உதையென்று உதைத்தார். சாவியே போடவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் முள்ளை எடுத்து ஊசியும் போட்டார். முள் விரலை விட்டு நகரவே இல்லையாம். "இம்புட்டு நாள் வீட்ல என்னய்யா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று மாமாவைத்தான் திட்டினார். மாமா தலைகுனிந்து நின்றார்.

சில நாளில் கட்டி வற்றிவிட்டது. ஊசியால் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆறிப்போன அந்த நல்லியை உறிஞ்சியதால்தான் பிழைத்தேன் என்பது என் கட்சி. அதன்பின் ஞாயிறுதோறும் தட்டின் முன் உட்கார்ந்ததும் கையைத் தூக்கி அக்குளைக் காட்டுவேன். மாமா சாப்பாட்டை நிறுத்திவிட்டு அழுத்திப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. ஆனாலும் நல்லி என் தட்டுக்கு வந்துவிடும். மாமாவையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே கெத்து.

அழுத்திப் பார்த்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பெருமூச்சு விடுவார். நல்லி போன வருத்தம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.