ஐஸுக்கு ஒரு ஒத்திகை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆக்லாந்துக்கு வெளியே ஒரு மாட்டுப் புல்வெளியில், கொட்டும் மழையில், இரண்டு அரிசி மூட்டைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நனைந்தேன். அரிசி நனையவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். யாராவது கேட்டால்தான் எனக்கும் மனசு ஆறும்.

என் மனைவி உமா நர்ஸ். கடல் தாண்டி, குளிர் கூடிய தெற்குத் தீவில் ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வருட ஒப்பந்தத்தில் பெரிய பொறுப்பு கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறாள். எனக்கு வேலை இங்கே, வீட்டுக் கடன் இங்கே... ஆகவே அவள் மட்டும். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்ன செய்வது? அவளாகச் சம்பாதித்த பதவி.

பிரச்னை அவளுடைய கார்.

சிவப்பு நிறம். இரண்டே சீட். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து அனுப்பிய ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே வாங்கிக்கொண்டாள். எஞ்சினின் சக்தியெல்லாம் பின்சக்கரங்களுக்குத்தான் போகும். ஆக்லாந்தில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அவள் போகிற ஊரில் குளிர்காலக் காலைகளில் ரோடு ஐஸாகக் கிடக்குமாம். ஐஸில் இந்த மாதிரிக் காரின் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் போதும், பின்பக்கம் முந்திக்கொண்டு முன்பக்கத்துக்கு வந்துவிடும்.

விடியற்காலை ட்யூட்டிக்கு இவள் தனியாக அதில் போவாள். நான் இந்தத் தீவில் படுத்துக்கொண்டு, 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்ற மெசேஜுக்காக போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பயம். நிஜமான பயம். அது வாயிலிருந்து வரும்போது, "அந்தக் காரை வித்துத் தொலை" என்று வந்தது.

"ஏன் விக்கணும்? ஓட்டத் தெரியாதவங்க விக்கட்டும்" என்றாள்.

அந்த ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் ஐஸ் ஆட்டோகிராஸ் என்று ஒன்று நடத்துகிறார்கள். உறைந்த தரையில் ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வைப்பார்கள். ஒவ்வொரு வண்டியாகப் போய், அவற்றைச் சுற்றி வளைந்து, இடிக்காமல் சீக்கிரம் திரும்ப வேண்டும். அவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறாள் இவள்! 'நீங்கள் புதியவரா? பின்சக்கர வண்டியா? முதலில் உங்கள் ஊரில் ஈரப் புல்லில் பழகுங்கள், ஐஸுக்கு அதுதான் அரிச்சுவடி' என்று பதில் வந்தது. ஆக்லாந்தில் ஐஸுக்குப் பஞ்சம் உண்டு. ஈரத்துக்கு ஏது பஞ்சம்?

ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் புல்வெளியில் அப்படிப் பழக்குகிற கிளப்பும் இருந்தது. கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். அங்கே ஓட்டும் மூன்று சுற்றில் ஒன்றாவது, சுழலாமல், கோனை இடிக்காமல் வந்துவிட்டால் கார் அவளோடு தெற்கே போகும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

விஷயம் சான்ட்ரிங்ஹாமில் நம் ஆட்கள் கூடும் மளிகைக் கடைகள் வரை பரவிவிட்டது. நம் ஆட்களிடம் ஒரு குணம் — ஐஸை ஃப்ரிட்ஜில் மட்டுமே பார்த்தவர்கூட ஐஸில் கார் ஓட்ட ஆலோசனை சொல்வார். பிளாக்ஹவுஸ் பேயில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், அக்கவுண்டன்ட். வீடு தேடி வந்து சொன்னார்.

"அண்ணை, உந்தக் காருக்குப் பின்னுக்குப் பாரம் காணாது. அதுதான் சறுக்கும். டிக்கிக்குள்ள ரெண்டு அரிசி மூட்டை வையுங்கோ."

"நீங்க ஐஸ்ல ஓட்டியிருக்கீங்களா?"

"நான் ஓட்டேல்லை. கனடாவில என்ர மச்சான் ஓட்டுறவன். அவன் மண் மூட்டை வைக்கிறவன். அரிசியெண்டால் பிறகு சமைக்கலாம்தானே?"

வாங்கி வைத்தோம்.

புல்வெளியில் வண்டிகளைப் பரிசோதித்தவர் ட்ரேசி என்ற அம்மாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, போலீஸ் குரல். காருக்குள் கட்டிவைக்காத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். டிக்கியைத் திறந்தார். இரண்டு மூட்டை பொன்னி அரிசி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"லஞ்ச்?" என்றார்.

டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "ஹீ கேன் ஸ்டே" என்று விட்டுவிட்டார். ஆக, பிள்ளையார் உள்ளே, அரிசியும் நானும் வெளியே. உமாவின் கொண்டை ஹெல்மெட்டுக்குள் நுழைய மறுத்தது. அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டாள்.

ட்ரேசி பாடம் எடுத்தார். இரண்டாவது கியரில் கிளம்பு. ஆக்ஸிலரேட்டரில் காலை முட்டைமேல் வைப்பதுபோல் வை. வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. எவ்வளவு பயந்தாலும் பிரேக்கை மட்டும் அழுத்தாதே.

முதல் சுற்று... முதல் வளைவிலேயே கார் ஒரு முழு வட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. சிவப்புக் கார் பழுப்புக் காராகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சுற்று இப்படியே போனால் காரை விற்றுவிடலாம்.

இரண்டாவது சுற்றுக்கு, "வேண்டுமானால் ஒருவர் பக்கத்தில் உட்காரலாம்" என்றார் ட்ரேசி. நான் சும்மா இருந்திருக்கலாம். அரிசியைக் குடையோடு அப்படியே விட்டுவிட்டு, ஒரு ஹெல்மெட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி வழுக்க ஆரம்பித்ததும் என் கால் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தது. வாய் கத்தியது. "பிரேக்! பிரேக்கைப் பிடி உமா!"

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் உடனே கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். பிரேக்கை அழுத்தினாள். கார் திரும்ப மறுத்து, நேராகப் போய் வரிசையாக நின்ற கோன்களை வாரிக்கொண்டு நின்றது.

ஸ்டார்ட் கோட்டுக்குத் திரும்பியதும், என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "இறங்குங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"கத்துனீங்க. அங்க நான் தனியாத்தானே ஓட்டப் போறேன்? தனியா ஓட்டிப் பாக்க விடுங்க."

இறங்கினேன். ஒரு வருடம் தனியாக இருக்கப் போகிறாள் என்பது அந்தச் சேற்றில் நின்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அழுகை வரும்போல் இருந்தது. நல்லவேளை, மழை.

மூன்றாவது சுற்று. மெதுவாகப் போனாள். எங்கள் பேட்டையில் சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். முதல் வளைவு சரி. இரண்டாவதும் சரி. கடைசி வளைவில் பின்பக்கம் விலக ஆரம்பித்தது. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் ஸ்டியரிங்கை அதே பக்கம் கொஞ்சம் திருப்பினாள். கார் ஒரு கணம் யோசித்து, நேரானது. ஒரு கோன்கூடச் சாயவில்லை. ட்ரேசி கைதட்டினார். நானும் தட்டினேன், வேறு வழி?

காரை ஓரங்கட்டினாள். போய்க் கதவைத் திறந்து, "சரி, கொண்டுபோ. பேசினா பேசினதுதான்" என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "வேணாங்க."

"என்ன வேணாம்?"

"இதை அங்க கொண்டுபோக வேணாம். மாட்டுக் கொல்லையிலயே இந்த நடுக்கம் நடுங்குது. தூக்கக் கலக்கத்துல, எதிர்ல லாரி வர்ற ரோட்டுலயா இதுல போவேன்? அங்க நாலு வீலும் இழுக்கற வண்டி ஒண்ணு பாத்துக்கறேன்."

"இதைத்தானேடி நான் ஒரு மாசமா கத்துறேன்!"

"நீங்க சொன்னீங்க. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

மூக்கைத் தொடத் தலையைச் சுற்றி வருவது என்பார்கள். இவள் தலையையும் சுற்றி, புல்வெளியையும் சுற்றி வந்து தொட்டிருக்கிறாள். ஆனால் ஒன்று — பிறர் சொல்லி அடங்குகிற ஆசை எங்கேயாவது உண்டா? அது ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும்.

"அப்ப வித்துடலாம்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஏன் விக்கணும்? ஜெயிச்சுட்டேன்ல? இங்கயே இருக்கட்டும், நீங்க ஓட்டுங்க. லீவுல வர்றப்ப ஏர்போர்ட்டுக்கு இதுல வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

என்னுடைய சாதுவான காரைத்தான் இப்போது விற்கப் போகிறோமாம். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு கார் என்கிறாள். நியாயம்தானே? அவள் சொன்னால் எல்லாமே நியாயமாகத்தான் கேட்கிறது. அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமையே அதை ஓட்டிப் பழக ஆரம்பித்தேன். நியூ லின்னில் அலுவலகக் கார் பார்க்கில், அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தேன். சக ஊழியர் கிரேக் காபியோடு நின்று வேடிக்கை பார்த்தார். இந்த வயதில் சிவப்பில் இரண்டு சீட் கார் எதற்கு என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். "என் மனைவி தெற்குத் தீவுக்குப் போகிறாள். காரை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள்."

கிரேக்கின் முகம் மாறியது. என் தோளில் மெல்லத் தட்டினார். "ஹார்ட் லக், மேட்" என்றார்.

விவாகரத்தெல்லாம் இல்லை என்று விளக்க வாயெடுத்தேன்... அவர் சொன்னதில் பெரிய தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.