தொண்டை செருமிய கொக்கு

மம்சாபுரத்துக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஓர் ஊர். பேர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், ஆளுக்கொரு வீம்போடு. அந்த ஊரின் கிழக்குத் தெருவில் தேவகிருபை என்று ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி எந்தக் கல்வெட்டும் கிடையாது. கல்வெட்டு வைக்கிற வசதியுள்ளவர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

மிஷன் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு பருத்தி அரவை ஆலையில் தூசியும் சருகும் பொறுக்குகிற வேலை. கணவன் மைக்கேல் கொழும்புக்குப் போயிருந்தான். அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் புருஷன்மாரும் அங்கேதான். தெருவில் எழுதத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்பதால் அத்தனை கடிதமும் இவள் கைவழியாகவே போகும். எழுதி எழுதி ஒரு சூட்சுமம் கண்டுகொண்டாள். "ஏன் வரவில்லை?" என்று நேராகக் கேட்ட கடிதத்துக்குப் பதிலே வராது. "நீங்க விட்டுட்டுப் போன கன்னுக்குட்டி தெருமுனையவே பாத்துக்கிட்டு நிக்கி" என்று எழுதினால் அடுத்த கப்பலில் ஆளே வந்து இறங்குவான். கன்றுக்குட்டியே இல்லாத வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினாள். வந்தவர்களில் ஒருவனாவது கன்றுக்குட்டி எங்கே என்று கேட்டதில்லை.

அந்த ஊரில் குடிதண்ணீருக்கு ஓர் ஊருணி. பஞ்ச காலத்தில் அதை வெட்டியது கிழக்குத் தெருச் சனம். கூடை கூடையாக மண் சுமந்து தலை வழுக்கை விழுந்தவர்கள் அவர்கள். தண்ணீர் ஊறி நின்ற அன்றோடு அவர்கள் அதைத் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. குடத்தை வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டும். மேலத்தெரு ஆள் மொண்டு ஊற்றுவான். அதற்கும் பெரிய பண்ணை சங்கையா உத்தரவு கொடுக்க வேண்டும். அவர் சாவகாசமாக வருவார். ஒரு காலைத் தூக்கிப் படிக்கட்டுச் சுவரில் வைப்பார். மூன்று தரம் தொண்டையைச் செருமுவார். அதுதான் உத்தரவு. சில நாள் அவர் வர உச்சிப் பொழுதாகும். அதுவரை வெயிலில் நிற்கிற பெண்களைப் பார்க்கப் பார்க்கத் தேவகிருபைக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடு ஒரு கும்மி கட்டினாள். பாட்டில் மனிதர் யாரும் கிடையாது. ஒரு கொக்கு, கொஞ்சம் காக்கைகள், ஒரு ஊருணி. அவ்வளவுதான்.

ஊருணி வெட்டின காக்கையெல்லாம் – கரை
ஓரத்தில் வாய்திறந் தேங்குதடி!
தாராளக் கொக்கய்யா மூணுமுறை – தொண்டை
சீராய்ச் செருமினால் சொட்டுதடி!

ஆலைப் பெண்கள் அதைப் பாடிப் பாடிச் சிரித்தார்கள். சந்தை சந்தையாகக் கஞ்சிரா தட்டிப் பாட்டுப் புத்தகம் விற்கும் சமுத்திரம் காதில் அது விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அச்சாபீஸில் கொடுத்துப் புத்தகமாகப் போட்டுவிட்டார். இந்த மாதிரிப் புத்தகங்களில், பாடினவர் பேர் கடைசிப் பாட்டில் வருவது வழக்கம். சமுத்திரம் தயங்கினார்.

"ஒம்பேரு வேண்டாம் தாயி. கொக்குக்குக் கோவம் வந்தா காக்காயத்தான் கொத்தும்."

தேவகிருபை சரி என்றுவிட்டாள். சொன்ன சரி தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

முப்பத்துநாலாம் வருஷம் ஆடிப்பூரத் தேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்க வந்த கூட்டம் தெருமுக்கில் சமுத்திரத்தைச் சுற்றிக்கொண்டது. கொக்கு செருமுகிற அடி வரும்போதெல்லாம் கூட்டமும் சேர்ந்து செருமியது. சங்கையாவும் தேருக்கு வந்திருந்தார். பாட்டைக் கேட்டார், முகம் கறுத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பேசாமல் போயிருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. மனுஷன், பழக்கதோஷம், ஒரு காலைத் தூக்கிப் பக்கத்திலிருந்த கல்லில் வைத்து, மூன்று தரம் தொண்டையைச் செருமினார்.

கூட்டத்தில் எவனோ ஒருவன் கத்தினான்: "ஏலே, கொக்கு வந்திருச்சுடா!"

சிரிப்பு தேர்முட்டி வரைக்கும் போனது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

மறுநாள் ஊருணியில் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை. பண்ணையிலிருந்து சொல்தான் வந்தது. பாட்டுக் கட்டினது எவளென்று ஊருக்கே தெரியும். அவள் ஊருணிக் கரைக்கு வந்து, அந்தக் கொக்கு சங்கையா இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுவரை கிழக்குத் தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளையும் பண்ணை சொல்லி அடைத்துவிட்டது. மூன்று நாள் ஓடை மணலைத் தோண்டிக் கலங்கல் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள். பக்கத்து வீட்டு ஏசம்மாளின் கைப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு வார்த்ததானட்டி. சொல்லித் தொலையேன். பிள்ளைய விட ஒம்பாட்டு பெருசா?"

தேவகிருபை பிள்ளையின் உலர்ந்த உதட்டைப் பார்த்தாள். பாட்டை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கொக்கைத் திட்டியிருக்கிறாள், கேலி செய்திருக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் காக்கைகள்? முதல் அடியில் கரையில் நின்ற காக்கைகள் கடைசி அடியிலும் கரையிலேயேதான் நிற்கின்றன. அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"குடத்த எடுத்துக்கிட்டு எம்பின்னால வா. எல்லாரையும் வரச்சொல்லு" என்றாள்.

ஊருணிக் கரையில் ஊரே கூடியிருந்தது. சங்கையா சுவரில் கால் வைத்து நின்றார். தொண்டை வரை வந்த செருமலை விழுங்கிக்கொண்டார்.

"சொல்லுட்டி, அந்தக் கொக்கு யாரு?"

"கொக்குதான் ஐயா."

"நான் இல்லேன்னு ஊரறியச் சொல்லு."

"நீங்கதான்னு நான் எங்கயும் எழுதலையே. நீங்களா வந்து இல்லேன்னு சொல்லச் சொன்னா, நான் என்னத்தச் சொல்ல?"

மேலத்தெரு ஆட்களே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வாய்க்கொழுப்பா? சொல்லாட்டா நாக்கு வறண்டு சாவிய."

"சரி, சொல்லுதேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்தக் கொக்கு இவரு இல்ல. கொக்கு தனக்கு வேண்டியத மட்டும் கொத்தித் தின்னும், அடுத்தவன் தண்ணியத் தடுக்காது. அதப்போயி இவரோட சேத்தது என் தப்பு. கொக்குகிட்டத்தான் நான் மன்னாப்புக் கேக்கணும். காக்காய்களக் கரையிலயே நிக்கவச்சது இன்னொரு தப்பு. அத இப்பத் திருத்துதேன்."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள். முதல் படி, இரண்டாம் படி. பண்ணை ஆள் ஒருவன் ஓடி வந்து தடியை வீசினான். இடுப்பிலிருந்த மண்குடம் உடைந்து, ஓடு அவள் கையைக் கிழித்தது. தேவகிருபை திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தம் ஒழுகுகிற கையைப் பின்னால் நீட்டினாள். அந்தக் கையில் ஏசம்மாள் தன் குடத்தை வைத்தாள்.

தேவகிருபை குனிந்து மொண்டாள். அவளுக்குப் பின்னால் ஏசம்மாள் பிள்ளையோடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முப்பது பெண்கள். ஒருவன் எத்தனை குடத்தைத்தான் உடைப்பான்? தடியைப் போட்டுவிட்டு அவன் சங்கையாவைப் பார்த்தான். சங்கையா ஊருணியைப் பார்த்தார்.

சும்மா விடவில்லை. அந்தப் போகம் முழுக்கக் கிழக்குத் தெருவுக்குப் பண்ணையில் வேலை இல்லை. ஆலைக்கும் சொல் போய்த் தேவகிருபையை நிறுத்திவிட்டார்கள். அவள் சுள்ளி பொறுக்கி விற்றாள், கடிதம் எழுதினாள். ஆனாலும் கிழக்குத் தெருப் பெண்கள் அதற்குப் பிறகு ஒரு நாளும் கரையில் காத்து நிற்கவில்லை.

அடுத்த ஆடிக்குப் புத்தகத்தை மறுபடி போட வேண்டும் என்று சமுத்திரம் வந்தார். அவள் எழுதிக் கொடுத்த கடைசிப் பாட்டைப் படித்துத் தலையைச் சொறிந்தார்.

"பேரு போடுதது சரி தாயி. ஆனா பாடினவள்னுதான் போடணும். மொண்டவள்னு போடுத வழக்கம் கெடையாதே?"

"எழுதுனபடியே போடுங்கண்ணே. வழக்கத்தத்தான் போன ஆடியிலயே ஒடச்சாச்சே."

சமுத்திரம் அப்படியே போட்டார்.

வாய்திறந் தேங்கிய காலம்போச்சு – படி
வழியே இறங்கிக் குடம்நனைத்தாள்;
தாய்தந்த பேர்தேவ கிருபையென்பாள் – கையால்
தண்ணீர் மொண்டவள் பாட்டிதுவே!