சற்குணம் திருவிருந்துக்குப் போன ஞாயிறு

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் சற்குணத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. குற்றாலத்தில் லோடு ஆட்டோ ஓட்டிய காலத்தில், அருவியில் தண்ணீர் விழுகிற நாளெல்லாம் மனிதருக்குக் குடிதான். வீடு திரும்பினால் மனைவி எப்சிபா வாசலிலேயே மறிப்பாள். "ஊதுங்க பாப்போம்." ஊதுவார். அப்புறம் வீடு வீடாகவா இருக்கும்? கடைசியில் அவள் திருவேங்கடத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

குடியை விட நினைப்பவர்களுக்காகக் குத்துக்கல்வலசையில் கிறிஸ்தவ ஊழியக்காரர்கள் ஒரு இல்லம் நடத்துகிறார்கள். சற்குணம் அங்கே போய்ச் சேர்ந்து, இப்போது சமையலும் பார்க்கிறார். கை நடுக்கம் நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற அரிப்பு மட்டும் அடங்கவில்லை. சாரல் நாளில் சாம்பாரை ஓயாமல் கிண்டிக்கொண்டே இருப்பார். "அண்ணாச்சி, பருப்பு எப்பமோ கரைஞ்சு போச்சு, விடுங்க," என்பான் கூடத் தங்கியிருக்கும் மந்திரமூர்த்தி.

எப்சிபா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நம்ம கோயில்ல எல்லாரும் பாக்க திருவிருந்து எடுங்க. நான் வந்து பாக்கேன். எடுத்தா அப்படியே கூட வாரேன்."

அவர்கள் சபையில், அப்பமும் கிண்ணமும் கொடுக்கிற திருவிருந்துக்குக் குடிகாரன் எழுந்து போகமாட்டான். யார் போனார், யார் பெஞ்சை விட்டு அசையவில்லை என்று சபையே கவனித்துக்கொண்டிருக்கும். அந்தக் கோயிலில் சற்குணம் எழுந்து போய் வருசக்கணக்காகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் அவர்கள் சபைக் கோயிலில் பெண்கள் பக்கம் எப்சிபா வந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் ஆண்கள் போனார்கள். சற்குணம் முழங்கால் போட்டார். அப்பம் நாக்கில் கரைந்தது. கிண்ணம் பக்கத்து ஆளிடம் வந்தபோதே வாடை அடித்துவிட்டது. ஐயோ, இது ஒயின் அல்லவா. இல்லத்துத் திருவிருந்தில் கொடுப்பது கொதிக்கவைத்த திராட்சைச் சாறு. கோயில் வழக்கம் வேறு என்பதையே அவர் மறந்து போயிருந்தார். மற்றவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கர்த்தருடைய கிண்ணத்தை யார் குடிக்கணக்கில் சேர்ப்பார்கள்?

வாயில் எச்சில் ஊறியது. ஒரே ஒரு மடக்கு. குடித்தால் மனைவி வருவாள். குடித்தால் சாயங்காலம் தன் கால் எந்தப் பக்கம் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். கிண்ணம் உதட்டருகே வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். போதகர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. எப்சிபாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து நேரே வெளியே வந்துவிட்டார், செருப்புகூடப் போடாமல்.

சாரலில் மதிலோரம் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை இருக்கிறது. இனி யாருக்காக அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும்? கேட்டைத் தாண்டினார், திரும்பினார், மறுபடியும் தாண்டினார்.

"செருப்ப விட்டுட்டு எங்கன போறீய?"

எப்சிபா நின்றிருந்தாள், கையில் அவருடைய செருப்போடு. கண் சிவந்திருந்தது.

"ஊதுங்க," என்றாள்.

ஊதினார். ஒரு வாடையும் இல்லை. அவள் செருப்பை அவர் காலடியில் போட்டாள்.

"ஒங்களுக்குப் பொறவு நானும் போயி எடுத்தேன். இத்தன வருசமா குடிக்கதுதான். இன்னைக்குத்தான் அது என்னன்னு தெரிஞ்சுது." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க போவோம். நான் கொஞ்சம் தள்ளியே நடக்கேன். எனக்குத்தான் வாய் நாறுது."