ஆந்திராவுக்குப் போகாத கார்

எளாவூரில் எல்லைக்குச் சற்று முன்னால், லாரிகளுக்குப் பின்னால் வாடகைக் காரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் வேலை சீக்கிரம் முடிந்ததால், எல்லையையும் ஒருதரம் பார்த்துவிடலாமே என்று வந்தவன். கார் கம்பெனியிலிருந்து போன் வருகிறது.

"சார், வண்டி ஆந்திராவுக்குள்ள போயிருக்குன்னு ஜிபிஎஸ் காட்டுது. வெளிமாநிலக் கட்டணம் ரெண்டாயிரம் சேருது."

"தமிழ்நாட்டுலதாம்ப்பா நிக்கிறேன்!"

"சிஸ்டம் அப்படிச் சொல்லலையே சார்."

"இன்னா நைனா பேஜாரு?" என்கிறார் டீக்கடை அக்கா. விஷயத்தைச் சொன்னதும் போனைப் பிடுங்கிக்கொள்கிறார்.

"என் கடை எந்த ஊர்ல கீதுன்னு நீ எனக்குச் சொல்றியா? இருபது வருசமா இங்கதான் ரேஷன் வாங்கிக்கினு கீறேன்!"

போனில் இருந்தவர் குரல் இறங்கிவிடுகிறது. ஆனாலும் ஆதாரம் வேண்டுமாம். அக்கா கல்லாப்பெட்டியிலிருந்து ரேஷன் கார்டை எடுக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார்டை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி காரின் முன்னால் விறைப்பாக நிற்கிறார். லாரி டிரைவர்கள் கைதட்டுகிறார்கள். படமெடுத்து அனுப்புகிறேன். ஐந்தே நிமிடத்தில், கட்டணம் ரத்து என்று செய்தி வருகிறது.

ஜெயித்த சந்தோஷத்தில் காரைக் கிளப்புகிறேன். அக்கா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டுகிறார்.

"எங்க போற?"

"சென்னைக்குத்தான் அக்கா."

"ரோட்டுக்கு நடுவுல சுவரு கீதே, பாக்கல? வண்டி திரும்புற எடம் ஆந்திராவுலதான் கீது நைனா."

எஞ்சினை அணைத்துவிட்டு, கார் கம்பெனிக்கு நானே போன் போடுகிறேன்.