பதினோரு கால்தடம்

எங்க அக்கா வீட்டுக்காரர் இப்போது ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு இருக்கிறார். அதற்கு முன்னே இருபது வருஷம் குளத்துக்கு அடியில் பாய் விரித்தார். படுக்கிற பாய் இல்லை. இரண்டு முரட்டுத் துணிக்கு நடுவில் பென்டோனைட் களிமண் தூளை வைத்துத் தைத்த விரிப்பு. தண்ணீர் பட்டால் தூள் உப்பும். மேலே ஒரு அடி மண் அழுத்திக்கொண்டிருந்தால், உப்ப இடமில்லாமல் இறுகி ஒரு சொட்டைக்கூடக் கீழே விடாது. மண் போடும் முன்னே நனைந்துவிட்டதோ, வெறும் கூழ். கால் வைத்த இடத்தில் களி விலகித் துணிதான் மிஞ்சும்.

"நனைஞ்ச பாயில கால் வெச்சவன் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடணும்." மேஸ்திரியான மாமா போட்ட சட்டம் இது. ஒரு தடவை ஒருத்தனை அப்படித்தான் அனுப்பினார். மூன்று பிள்ளைக்காரன், கெஞ்சினான். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்கள் அவருக்கு வைத்த பேர் 'கல்லு'.

கடைசியாக அவர் பிடித்த வேலை சாயக் கழிவுக் குளம்; நானும் அவரிடம் ஆளாக இருந்தேன். வேலி தாண்டினால் நாற்பது வீடு, எல்லாருக்கும் கிணற்றுத் தண்ணீர். இந்த வேலை முடிந்ததும் மாமாவைக் கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் காற்று அடித்தது, பின்னாலேயே மழை. விரிப்பை மூடியிருந்த தார்ப்பாய் பிய்த்துக்கொண்டது. ஆட்களெல்லாம் கொட்டகைக்கு ஓட, மாமா மட்டும் குளத்துக்குள் ஓடினார். விரிப்பின் மேலேயே ஓடித் தார்ப்பாயை இழுத்து, மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டார். கரையில் நின்ற நான்தான் பார்த்தேன்.

மழை விட்டதும் அவரும் நானும் போய்த் தார்ப்பாயைத் தூக்கினோம். பதினோரு கால்தடம்.

"மண்ணைத் தள்ளி மூடிடலாம் மாமா. யாருக்குத் தெரியப்போவுது?"

"உனக்குத் தெரியுமே, மச்சான்."

"நான் வாயைத் திறந்தா எங்கக்கா விளக்குமாத்தைத் தூக்கிட்டு வருவா."

அவர் சிரிக்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்தார்.

"அடுத்த வருஷம் அங்க கிணத்துத் தண்ணி செவப்பா வந்தா நீ குடிப்பியாடா?"

நேராக இன்ஜினியரிடம் போனார். நானும் பின்னால் போனேன். இன்ஜினியர் நல்ல மனுஷன்.

"விரிப்பைக் காப்பாத்தத்தானே ஓடுனீங்க? அந்த இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டுக்கலாம்."

"ஊறின களியில ஒட்டு நிக்காது சார். தடம் பட்ட நாலு சுருள் விரிப்பையும் அறுத்து எடுத்துடணும்."

"சரி, எடுத்துடுங்க. நீங்க இருங்க."

"போனவன்கிட்ட என்ன சொன்னேனோ அதுதான் சார் எனக்கும். புதுசை விரிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

இரண்டு நாள் மண்டி போட்டு விரித்தார். ஓரத்தின் மேல் ஓரம் ஒரு அடி ஏற்றி, நடுவில் தூளைத் தூவி, கையாலேயே தடவினார். கடைசி ஓரம் முடிந்ததும் கரையேறி, கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

நான் கூடப் போகவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மண் போட்டாக வேண்டியிருந்தது.